ரீல்ஸ் கொன்றவனைப் பாடுகிறது, நம் கதைகள் யாரைப் பாடும்?

இன்ஃபுளூயன்சர்களைப் பற்றிய கதைகள் இப்போது நிறைய வருகின்றன. 2016-இல் 'ப்ளாக் மிர்ரர்' தொடரில் 'நோஸ்டைவ்' என்று ஒரு பகுதி வந்தது. பார்க்கிறவர்களெல்லாம் போனில் ஒருவருக்கொருவர் மதிப்பெண் போட்டுக்கொள்ளும் உலகம் அது. மதிப்பெண் குறையக் குறைய ஒரு பெண்ணின் வாழ்க்கை மொத்தமும் சரிந்துபோகிறது. 2024-இல் வந்த 'கன்ட்ரோல்' என்ற இந்திப் படத்தில், காதலனோடு சேர்ந்து வீடியோ போட்டுப் பிரபலமான பெண் ஒருத்தி, காதல் முறிந்ததும் தன் கணினியை ஒரு செயலியின் கையில் ஒப்படைத்துவிட்டு மாட்டிக்கொள்கிறாள். இரண்டும் நல்ல கதைகள்தான். தனிமை, போலி வாழ்க்கை, நம் தகவல்களைத் திருடும் கம்பெனி ஆகியவையே அவற்றில் வரும் இருட்டு.

கோவில்பட்டியிலிருந்து கழுகுமலைக்கோ எட்டயபுரத்துக்கோ போகும் பஸ்ஸில், பின் சீட்டில் உட்கார்ந்து போனைத் தள்ளிக்கொண்டே வரும் பிளஸ் டூ பையனின் இருட்டு வேறு. அவன் போனில் ஓடுவது சாதி.

அந்த ரீல்ஸை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இருபது முப்பது விநாடி. வெள்ளை வேட்டி, வரிசையாகப் பைக், கையில் ஒரு நிறத்தில் கயிறு. ஒரு படத்திலிருந்து வெட்டிய வசனம், இன்னொரு படத்திலிருந்து எடுத்த பாட்டு. அரிவாள் மெதுவாக மேலே போகிறது. 'ஆண்ட பரம்பரை' என்று எழுத்து வருகிறது. ஒரு சிங்கம் வருகிறது. முடிந்தது. போட்ட பையனின் அப்பா மானாவாரியில் மக்காச்சோளம் போட்டு மழைக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்க்கொண்டிருப்பார். எந்த நாட்டை இவர்கள் ஆண்டார்கள் என்று அந்த முப்பது விநாடிக்குள் யாரும் கேட்க முடியாது. கேட்பதற்கு முன்னால் அடுத்த ரீல்ஸ் வந்துவிடும்.

எனவே, தோழர்களே, இன்ஃபுளூயன்சர் கலாச்சாரத்தைப் பற்றிய புனைகதையைத் தேடி நாம் நெட்ஃபிளிக்ஸுக்குப் போக வேண்டியதில்லை. அந்த ரீல்ஸே ஒரு புனைகதை. அதில் நாயகன் உண்டு, பரம்பரை உண்டு, பகைவன் உண்டு. செத்தவன் மட்டும் கிடையாது. இந்தக் கட்டுரையில் நாம் பேசப்போவது அந்த விடுபட்ட ஆளைப் பற்றி.

முதலில், இந்தக் கதை எப்படிப் பரவுகிறது என்பதைப் புரிந்துகொள்வோம். இன்ஸ்டாகிராமின் கணக்குக்குச் சாதி தெரியாது. நம் கட்டைவிரல் எந்த வீடியோவில் எத்தனை விநாடி நின்றது, எதைத் திரும்பப் பார்த்தோம், எதை இன்னொருவருக்கு அனுப்பினோம், எதன் கீழே எழுதினோம் என்பதுதான் அதற்குத் தெரியும். பெருமையில் நின்ற விரலும் ஆத்திரத்தில் நின்ற விரலும் அதற்கு ஒன்றுதான். ஆதிக்கச் சாதிப் பையன் போடும் வீடியோவின் கீழே நம் பையன்கள் நூறு பேர் போய் வண்டி வண்டியாகத் திட்டிவிட்டு வந்தால், அந்த நூறும் அவன் வீடியோவை இன்னும் ஆயிரம் போன்களுக்குத் தள்ளிவிடும். அவனுக்கு லைக் போட்டவர்களும் நாமும் சேர்ந்துதான் அவனைப் பிரபலமாக்குகிறோம். 2020 ஜூன் மாதம் டிக்டாக்கைத் தடை செய்தார்கள். அடுத்த மாதமே இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் வந்தது. கயிறும் அரிவாளும் ஒரு கடையை மூடிவிட்டு அடுத்த கடைக்குக் குடிபோயின, அவ்வளவுதான்.

இது ரீல்ஸோடு தொடங்கிய நோயும் அல்ல. 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்குத் தோழியோடு போன பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜைக் கடத்திப் போனார்கள். மறுநாள் பள்ளிப்பாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் அவர் உடல் கிடந்தது. கொலைக்கு முன்னால் அவரை மிரட்டி, தானே சாகப்போவதாகக் கடிதம் எழுத வைத்தார்கள், வீடியோவிலும் பேச வைத்தார்கள். அதை நாம் யோசிக்க வேண்டும். கொல்லப்படப்போகும் ஒருவனின் வாயாலேயே ஒரு பொய்க்கதையைப் படம்பிடித்திருக்கிறார்கள். அந்த வீடியோ வாட்ஸ்அப்பில் ஓடியது, தொலைக்காட்சியிலும் ஓடியது.

வழக்கின் முதல் குற்றவாளி யுவராஜ் 3 மாதத்துக்கு மேல் தலைமறைவாக இருந்தார். ஒளிந்திருந்தவர் சும்மா இருக்கவில்லை. வாட்ஸ்அப்பில் ஒலிப்பதிவு மேல் ஒலிப்பதிவாக விட்டுக்கொண்டிருந்தார். போலீசுக்குச் சவால் விட்ட அந்தக் குரலை ஆயிரக்கணக்கானவர்கள் ஃபார்வர்டு செய்தார்கள். 2015 அக்டோபர் 11 அன்று நாமக்கல்லில் அவர் சரணடைய வந்தபோது கூட்டம் கூடியது. இன்ஃபுளூயன்சர் என்ற சொல் ஊருக்குள் புழங்குவதற்கு முன்பே, சாதியின் பெயரால் ஒரு செல்போன் நட்சத்திரம் தமிழ்நாட்டில் உருவாகிவிட்டது. 2022 மார்ச்சில் அவருக்கும் மற்றும் 9 பேருக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் யுவராஜின் தண்டனையை உறுதி செய்தது. அந்த வழக்கில் உண்மையைச் சொன்னவற்றில் ஒன்று கோயிலின் கண்காணிப்பு கேமரா. அதில் பின்னணிப் பாட்டு இல்லை.

பிறகு நாங்குநேரி. 2023 ஆகஸ்ட் 9 அன்று இரவு, உடன் படித்த மாணவர்களே ஒரு தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அரசு நீதிபதி சந்துருவை ஒருநபர் குழுவாக நியமித்தது. 2024 ஜூனில் வந்த அவருடைய அறிக்கை, மாணவர்கள் கையில் சாதி நிறக் கயிறு கட்டக் கூடாது, பள்ளிகளின் பெயரில் சாதி இருக்கக் கூடாது என்றெல்லாம் பரிந்துரைத்தது. கையில் இருக்கும் கயிறை ஆசிரியர் பார்த்து அறுத்துவிடலாம். போனுக்குள் இருக்கும் கயிறை யார் அறுப்பது?

2025 ஜூலை 27. ஏரல் பக்கத்து ஆறுமுகமங்கலத்தைச் சேர்ந்த கவின், பாளையங்கோட்டையில் வெட்டிக் கொல்லப்பட்டார். 27 வயது, மென்பொருள் வேலை, நம் தூத்துக்குடி மாவட்டத்துப் பிள்ளை. நீதி கேட்டு 5 நாள் உடலை வாங்காமல் இருந்தது அந்தக் குடும்பம். அதே நாட்களில், குற்றம் சாட்டப்பட்டவரின் படத்துக்குப் பாட்டுப் போட்டு, அவரைத் தலையில் தூக்கி வைத்த பதிவுகள் போன்களில் ஓடிக்கொண்டிருந்தன. பெற்ற தாய் சவக்கிடங்கு வாசலில். கொன்றதாகச் சொல்லப்படுபவர் ரீல்ஸில் நாயகன். 2025 அக்டோபரில் ஆணவக்கொலைக்கு எதிரான சட்டத்துக்குப் பரிந்துரை தர, ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அறிவிக்கப்பட்டது. சட்டம் வர வேண்டும், அதற்கான போராட்டம் தொடர வேண்டும். ஆனால் கொன்றவனை நாயகனாக்கும் கதையைச் சட்டம் மட்டும் தோற்கடிக்காது. கதையைக் கதைதான் எதிர்கொள்ள வேண்டும்.

இந்த இடத்தில் நாம் நம் மண்ணைத் திரும்பிப் பார்க்க வேண்டும். தென்மாவட்டங்களில் கொடை நடக்கும் கோயில்களில் பல, கொலைப்பட்டவர்களின் கோயில்கள். அநியாயமாகச் செத்தவர்களைச் சனங்கள் சாமியாக்கினார்கள். விடிய விடிய வில்லுப்பாட்டில் அவர்கள் கதையைப் பாடினார்கள். வெட்டியவனுக்குப் பீடம் கிடையாது. வெட்டுப்பட்டவனுக்குத்தான் பீடம், படையல், பாட்டு. காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக நிற்கும் முத்துப்பட்டனைப் பாருங்கள். பார்ப்பனராகப் பிறந்தவர், சக்கிலியர் குலத்துப் பெண்களான பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணந்தார். மாமனாரின் தொழிலான செருப்புத் தைப்பதைக் கற்றார். மாடு திருட வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தார். இன்றைக்கும் சனங்கள் அவருக்குத் தோல்செருப்பைக் காணிக்கையாகப் போடுகிறார்கள். செருப்புப் போட்டு நடந்ததற்காக அடித்த நாட்டில், செருப்பை வாங்கிக்கொள்ளும் ஒரு சாமி!

அந்தக் கதையையும் சும்மா விடவில்லை. பொம்மக்காவும் திம்மக்காவும் உண்மையில் பார்ப்பனப் பெண் பெற்றுக் காட்டில் விட்டுப்போன குழந்தைகள், வாலப்பகடை எடுத்து வளர்த்தார் என்று இடையில் ஒரு பிறப்புக் கதையைச் சொருகினார்கள். மதுரைவீரனுக்கும் காசி ராஜாவை அப்பாவாக ஆக்கினார்கள். நாட்டார் கதைப்பாடல்களைத் தேடிப் பதிப்பித்த நா. வானமாமலை இந்தத் திருத்தல் வேலையை நமக்குக் காட்டிக்கொடுத்தார். அவர் பிறந்த ஊரும் நாங்குநேரிதான். ஆதிக்கம் எப்போதுமே கதையில் கைவைக்கும் என்பது இதில் தெரிகிறது. ஆனால் அன்றைக்கு அவர்களால்கூடச் செத்தவனைப் பீடத்திலிருந்து இறக்க முடியவில்லை. பிறப்பை மட்டும்தான் மாற்ற முடிந்தது. இன்றைக்கு ரீல்ஸ் அதைச் செய்துவிட்டது. செத்தவனை இறக்கிவிட்டுக் கொன்றவனைப் பீடத்தில் ஏற்றிவிட்டது. செல்போன் நமக்குச் செய்த பெரிய கேடு இதுதான் என்று நாங்கள் நினைக்கிறோம்.

இதற்கு மாற்று நம் கரிசலிலேயே இருக்கிறது. கோவில்பட்டி பக்கத்து ஆண்டிப்பட்டியில் பிறந்த பூமணி, 'பிறகு' நாவலில் செருப்புத் தைக்கும் அழகிரியை நாயகனாக வைத்தார். 1982-இல் 'வெக்கை' எழுதினார். அண்ணனைக் கொன்றவனைப் பழிவாங்கப் போகும் சிதம்பரத்துக்கு 15 வயது. கையை வெட்டத்தான் நினைக்கிறான், ஆள் செத்துப்போகிறான். இது நாவலின் முடிவு அல்ல, தொடக்கம். ரீல்ஸ் எடுப்பவன் கேமராவை அணைக்கும் இடத்தில் பூமணி பேனாவைத் திறக்கிறார். அதற்குப் பிறகு 8 நாள். அப்பனும் மகனும் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரிகிறார்கள். பசிக்கிறது, சோறு பொங்குகிறார்கள். அம்மாவையும் தங்கச்சியையும் நினைக்கிறார்கள். செத்துப்போன அண்ணனைப் பேசுகிறார்கள். கடைசியில் கோர்ட்டில் சரணடையப் புறப்படுகிறார்கள். அந்தப் பையனை நாவல் வெறுக்கவும் இல்லை, தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போகவும் இல்லை. அவனோடு கூடவே நடக்கிறது.

அந்த நாவல்தான் 2019-இல் 'அசுரன்' படமாக வந்தது. நாவலில் பெயர் சொல்லாத சாதி, படத்தில் பஞ்சமி நிலமாகவும் செருப்பாகவும் வெளிப்படையாக வந்தது. அது தேவையான வேலை. ஆனால் படத்திலிருந்து நம் தெருப் பையன்கள் வெட்டி எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தது எதை? தனுஷ் ஆயுதத்தோடு பாயும் விநாடிகளை. கடைசியில் அப்பா மகனிடம் படிப்பைப் பற்றிச் சொல்வதை வைத்தவர்கள் குறைவு.

இதை நாம் வெளிப்படையாகப் பேசித்தான் ஆக வேண்டும். நம் பக்கத்திலும் 'நாங்களும் ஆண்டவர்கள்தான்' என்று ரீல்ஸ் வருகிறது. நம் பையன் கையிலும் ஒரு நிறத்தில் கயிறு ஏறுகிறது. பட்டியலினத்துக்குள்ளேயே ஒரு சாதி இன்னொரு சாதியைக் கேலி செய்யும் வீடியோவும் வருகிறது. அடித்தவன் பெருமையும் அடிபட்டவன் தன்மானமும் ஒன்றல்ல என்பது உண்மை. 2017-இல் குஜராத்தில் மீசை வைத்ததற்காக தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டபோது, மற்ற இளைஞர்கள் வாட்ஸ்அப் முகப்பில் மீசைப் படத்தை வைத்து எதிர்ப்புக் காட்டினார்கள். அது போராட்டம். ஆனால் ஆண்ட கதையை நாமும் சொல்லத் தொடங்கினால், ஆளப்பட்டவன் என்று ஒருவனை நமக்குக் கீழே தேட வேண்டியிருக்கும். அப்படித் தேடுபவன் கடைசியில் அருந்ததியர் தெருவில்தான் போய் நிற்பான். அம்பேத்கர் படத்தை மேலே வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது.

இன்னொன்றும் உண்டு. ஒரே செல்போன் எல்லோருக்கும் ஒரே விலை இல்லை. ஆதிக்கச் சாதிப் பையனுக்கு ரீல்ஸ் என்றால் லைக். 2015 மே மாதம் மகாராஷ்டிரத்தின் ஷீரடியில் அம்பேத்கர் பாட்டை ரிங்டோனாக வைத்திருந்ததற்காக ஒரு தலித் இளைஞரைக் கொன்றார்கள். நம் காலனிப் பெண் ஒருத்தி ஒரு டான்ஸ் வீடியோ போட்டால், அதன் கீழே அவள் சாதியைத் தோண்டி எடுத்து எழுதுகிறார்கள். வீட்டில் போனைப் பிடுங்குகிறார்கள், சில வீடுகளில் அதோடு கல்லூரியும் நின்றுபோகிறது. புகழின் இருட்டுப் பக்கம் என்று உலகம் பேசுவதில் இந்தக் கணக்கு வரவே வராது.

அதற்காகப் போனைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்தில் போலீஸ் புகுந்து, மின்விசிறியையும் டிவியையும் நொறுக்கி, படிப்புச் சான்றிதழ்களையும் பாஸ்போர்ட்டுகளையும் அழித்தபோது, அதைப் படம்பிடிக்க யார் கையிலும் செல்போன் இல்லை. 2020 மே மாதம் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்டைப் போலீஸ்காரர் கழுத்தில் முழங்காலை வைத்துக் கொன்றதை, தெருவில் நின்ற 17 வயதுப் பெண் தன் போனில் எடுத்தாள். உலகம் எழுந்தது. போன் சாட்சியாகவும் இருக்கும், கூலிக்கு மாரடிக்கும் பாட்டுக்காரனாகவும் இருக்கும்.

சாட்சியாக வைத்துக்கொள்ள விரும்பும் தோழர்களுக்குச் சில வார்த்தைகள். சாதி வெறி வீடியோ கண்ணில் பட்டால் திட்டி எழுதாதீர்கள், ஃபார்வர்டு செய்யாதீர்கள். அதன் இணைப்பு, போட்ட கணக்கின் பெயர், தேதி, நேரம் எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் போனை மாற்றிவிடாமல் வைத்திருங்கள், மின்னணுச் சான்றுக்கு அது தேவைப்படும். பட்டியலின மக்களுக்கு எதிராகப் பகையையும் வெறுப்பையும் தூண்டுவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(u) பிரிவில் குற்றம். இணையத்தில் பேசியதும் பொதுப்பார்வையில் பேசியதுதான் என்று 2022-இல் கேரள உயர் நீதிமன்றம் ஒரு யூடியூபரின் முன்ஜாமீனை மறுத்தபோது சொன்னது. 2021 ஆகஸ்டில் தலித்துகளை இழிவாகப் பேசி வீடியோ போட்ட நடிகை மீரா மிதுன் இந்தச் சட்டத்தில்தான் கைதானார். புகாரை எழுத்தில் கொடுங்கள், ரசீது வாங்குங்கள்.

வழக்கு ஒரு வீடியோவை இறக்கும். அந்த வீடியோவைப் பார்த்துத் தன்னை நாயகனாக நினைத்துக்கொண்ட பையனை என்ன செய்வது? அவனும் 17 வயதுப் பிள்ளைதான். அவனிடம் நாயகன் என்ற நினைப்பைத் தவிர வேறு கதை எதுவும் இல்லை. அதனால்தான் எழுதுங்கள் என்கிறோம். இடைசெவலில் கி.ராவும் கு. அழகிரிசாமியும் பிறந்தார்கள். உருளைக்குடியிலிருந்து சோ. தர்மன் வந்தார், 'கூகை' எழுதினார். இந்த மண்ணில் கதை எழுத யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

எதை எழுதுவது? அரிவாளோடு நிற்பவனை எல்லோரும் பார்க்கிறார்கள், எதிரில் நின்று போனைப் பிடித்துக்கொண்டிருந்த கூட்டாளியை யாரும் பார்ப்பதில்லை. அவனை எழுதுங்கள். வீடியோ ஓடிய இரவில் அவன் தூங்கினானா? நாற்பதாயிரம் பேர் பார்த்தார்களே, ஜாமீனுக்குக் கையெழுத்துப் போட எத்தனை பேர் வந்தார்கள்? கூர்நோக்கு இல்லத்தில் போன் இல்லாத முதல் நாளை எழுதுங்கள். பெரியவனாகி பாளையங்கோட்டைச் சிறைக்குப் போனால் அங்கும் சாதி பார்த்துத்தான் அடைத்தார்கள். 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சிறைகளில் சாதி பிரிப்பதை அரசியல் சாசனத்துக்கு எதிரானது என்று சொல்ல வேண்டியிருந்தது. தீப்பெட்டிக் கட்டு ஒட்டிக்கொண்டே மகனின் ரீல்ஸைப் பக்கத்து வீட்டுக்காரியின் போனில் பார்க்க நேர்ந்த ஓர் அம்மாவை எழுதுங்கள். அவள் எந்தச் சாதி என்று சொல்லாமலேயே எழுதிப் பாருங்கள், பூமணியால் முடிந்தது. போன் பிடுங்கப்பட்ட நம் தங்கச்சியை எழுதுங்கள்.

கட்டுரை வேண்டாம், கோஷம் வேண்டாம். அதை நாங்கள் எழுதிக்கொள்கிறோம். நீங்கள் கதை எழுதுங்கள். வீட்டில் பேசும் பேச்சில் எழுதுங்கள். நான்கு பக்கம் போதும். மாணவர் கூட்டத்தில் கொண்டுவந்து வாசியுங்கள். எங்களுடைய நிபந்தனை ஒன்றே ஒன்று. கதையில் யாராவது கொல்லப்பட்டால், கொல்லப்பட்டவனுக்கு ஒரு பெயர் இருக்க வேண்டும். அவன் என்ன படித்தான், எந்தச் சட்டையைப் பிடித்துப் போட்டான், யாரிடம் கடன் வாங்கியிருந்தான், அன்று சாயங்காலம் எங்கே போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தான் என்பது படிப்பவனுக்குத் தெரிய வேண்டும்.